மூன்றாம் மாடியின் இருநூற்று மூன்று குறிப்புகள்

அவளுக்கு டீச்சர் என்று பெயர் வைத்தது இணையத்தில் இருக்கும் ஒரு கூட்டம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அவளுக்குப் பழக்கமே கிடையாது. அவள் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே இருக்கும் ஸ்டெரிலைசேஷன் அறையில். ஆபரேஷனுக்குப் போய் வந்த கத்திரி, கத்தி, இடுக்கிகளைக் கழுவி, ட்ரேயில் அடுக்கி, துணியில் சுற்றி, ஆட்டோகிளேவ் என்கிற இரும்புப் பெட்டிக்குள் தள்ளி நீராவியில் வேகவைக்க வேண்டும். கதவைச் சாத்தினால் நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் வெளி அறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வீங்கிய காலை இன்னொரு நாற்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனைத் திறந்தால், அங்கே அறுபது பேர் அடித்துக்கொண்டு கிடப்பார்கள். அவர்களை விலக்கிவிடுவதுதான் டீச்சர் வேலை. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

அடித்துக்கொள்ளும் அந்த அறுபது பேரும் ஒரு காலத்தில் சிரிப்பதற்காகச் சேர்ந்தவர்கள். ‘ஓரமா நிறுத்து’ என்று டிவியில் ஒரு சிரிப்புத் தொடர் வந்துகொண்டிருந்தது. ஒரு டிரைவிங் ஸ்கூல், ஒரே ஒரு கார், இரண்டு மாஸ்டர்கள், கார் ஓட்டத் தெரியாத முதலாளி. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பாகம். தொடர் முடிந்து பல வருஷம் ஆன பிறகும் அதை விட முடியாதவர்கள் ஒரு குழுமம் ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தவன் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, “ஒரு மாசம் பாத்துக்குங்கக்கா” என்று நிர்வாகத்தை இவள் தலையில் கட்டிவிட்டுப் போனான். அந்த ஒரு மாசம் இப்போது ஒன்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

குழுமத்தில் இரண்டு பகுதிகள். முன்பக்கம் ‘ஹால்’. அங்கே தொடரைப் பற்றி மட்டும்தான் பேசலாம். போனால் போகிறதென்று மற்றத் தொடர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அரசியல் பேசியே தீர வேண்டும் என்று நாக்கு அரிக்கிறவர்களுக்குப் பின்பக்கம் ‘கொல்லைப்புறம்’. அங்கே என்ன வேண்டுமானாலும் கத்தலாம், ஆனால் சேற்றுக்காலோடு ஹாலுக்குள் வரக்கூடாது. சட்டம் இவள் போட்டதுதான். தேர்தல் வந்தால் அந்தச் சட்டத்தை ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.

கொல்லைப்புறத்தில் கீரியும் பாம்புமாக இருந்தவர்கள் இருவர். ஒருவருக்குப் பட்டப்பெயர் மூன்றாம் மாடி. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தொட்டவர், மனைவி போன பிறகு தனியாக இருப்பவர். பஸ் கட்டணத்திலிருந்து பக்கத்துத் தெருக் குப்பைத்தொட்டி வரை எதை எடுத்தாலும் ஆளுங்கட்சியைக் கிழி கிழி என்று கிழிப்பார். மற்றவர் இன்சூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் பார்ப்பவர். எதிராளி எழுதியதை ஒரு வரி விடாமல் எடுத்துப் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் கீழே மறுப்பு எழுதுவார். அதனால் அவருக்கு வரிக்குவரி என்று பெயர் விழுந்துவிட்டது. மூன்றாம் மாடி ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டிருந்தால்கூட வரிக்குவரி அதை மேலே போட்டுவிட்டு, ‘இதற்கு ஆதாரம் என்ன’ என்று கேட்டிருப்பார்.

ஆனால் ஹாலில் மூன்றாம் மாடி வேறு ஆள். அங்கே ஏழு வருஷமாக ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். தொடரின் ஒவ்வொரு பாகத்தையும் மறுபடி பார்த்து, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார். கதைச் சுருக்கம் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. எந்த இடத்தில் சிரித்தார், ஏன் சிரித்தார், அப்போது அவருடைய வாழ்க்கையில் எது ஞாபகம் வந்தது என்றெல்லாம் இருக்கும். நோட்டில் எழுதி வைக்கும் வழக்கமில்லை. ஒற்றை விரலால் நேராகப் போனில் தட்டி அனுப்பிவிடுவார். இருநூற்று மூன்று பாகம் எழுதியாகிவிட்டது. மிச்சம் ஒன்பதுதான். முடிந்ததும் பிரிண்ட் எடுத்துத் தைத்து வைத்துக்கொள்ளப் போவதாக ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார்.

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் ஹாலுக்குள்ளேயே புகுந்து, மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து, உங்களை மாதிரி ஆட்களால்தான் ஊர் இந்த லட்சணத்தில் இருக்கிறது என்று எழுதிவிட்டார். டீச்சர் எச்சரித்தாள். மறுநாளும் எழுதினார். அதற்கு மறுநாள் இன்னும் காரமாக எழுதினார். மருந்துக்கடைப் பெண், அவர் இருந்தால் நான் இல்லை என்று சொல்லிவிட்டாள். வரிக்குவரி வழக்கம்போல எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுப் பதினேழு வரிகளில் புகார் கொடுத்தார். டீச்சருக்கு அலுத்துப்போயிற்று. மனுஷனை ஒரு வாரம் நிறுத்தி வைப்போம், தேர்தல் முடிந்து ஆறிப்போய் வரட்டும் என்று முடிவு செய்தாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் பாடாய்ப் படுத்தினார்கள். காலையிலிருந்து ஆறு ஆபரேஷன். ட்ரேயின் மேல் ஒட்டும் டேப்பில் கோடு கருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே சரியாக வெந்தது என்று அர்த்தம். இரண்டு தடவை கோடு கருக்கவில்லை. பிரித்து, மறுபடி சுற்றி, மறுபடி உள்ளே தள்ளினாள். மேலேயிருந்து சிஸ்டர் போன் மேல் போன் போட்டு, ட்ரே எங்கே, ட்ரே எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மெஷின் ஒவ்வொரு ஓட்டத்திலும் நாலைந்து தடவை ‘தொடரவா?’ என்று கேட்கும், இவள் ‘ஆம்’ என்று அமுக்குவாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை ‘ஆம்’. அதைப் படித்துப் பார்த்து அமுக்கிய காலமெல்லாம் எப்போதோ போய்விட்டது.

மெஷின் ஓட ஆரம்பித்ததும் வெளியே வந்து, காலைத் தூக்கிப் போட்டு, போனை எடுத்து மூன்றாம் மாடியின் பக்கத்தைத் திறந்தாள். ‘நிறுத்திவை’க்குக் கீழே ‘நீக்கு’. விரல் கீழே பட்டுவிட்டது. நிச்சயமாகவா என்று போன் கேட்டது. ஆம். இவர் எழுதிய அனைத்தையும் சேர்த்தா என்று கேட்டது. ஆம். அவ்வளவுதான் என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் குழுமத்தைத் திறந்தவள் கண்ணை நம்பவில்லை. இருநூற்று மூன்று பக்கங்களிலும் மேலே வெறுமையாக இருந்தது. கீழே மட்டும் ஆட்கள் ‘அடடா’, ‘சூப்பர் சார்’, ‘நூறு சதவீதம் உண்மை’ என்று ஆகாயத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். சர்வர் கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். நீக்கியது நீக்கியதுதான் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

ஸ்கூல் வேன் ஓட்டும் கணவர் ராத்திரி வீட்டுக்கு வந்தபோது அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். சொன்னாள். அவரும் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் வேறு காரணத்துக்காக.

“உனக்கு யாரு இந்த வேலையக் குடுத்தா? வேணாம்னு சொல்லிட்டு வரவேண்டியதுதானே?”

யாரிடம் சொல்லிவிட்டு வருவது என்பதுதான் அவளுக்கும் ஒன்பது வருஷமாகத் தெரியவில்லை.

குழுமத்தில் சேரும்போது கொடுத்த நம்பர் இருந்தது. இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு மூன்றாம் நாள் கூப்பிட்டாள். கொல்லைப்புறத்தில் அந்தக் கத்துக் கத்தியவரின் குரல் இத்தனை மெதுவாக இருக்கும் என்று அவள் நினைக்கவேயில்லை. தன்னை வெளியே தள்ளிவிட்டார்கள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். செய்தது சரிதான், அந்தப் பெண்ணிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று அவரே ஆரம்பித்தார். டீச்சருக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது. எதை அமுக்க வந்து எதை அமுக்கினாள் என்பதை ஒளிக்காமல் சொன்னாள்.

“எல்லாமேவாம்மா?” என்றார் அவர்.

“எல்லாமேதான் சார்.”

“பரவால்லம்மா, வேணும்னு செஞ்சீங்களா என்ன” என்று சொல்லி வைத்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அன்றைக்குக் கழுவின ட்ரேயையே மறுபடி கழுவினாள்.

விஷயம் தெரிந்ததும் முதலில் எழுதியது வரிக்குவரிதான். தனக்குத் தெரியாமல் யாரும் எதையும் அழித்துவிட முடியாது என்றார். மூன்றாம் மாடி எழுதிய ஒவ்வொரு வரியும் தன்னுடைய மறுப்புக்கு மேலே பத்திரமாக இருக்கிறதாம். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, ஒன்பது வருஷத்து மறுப்புகளையும் தோண்டி, எதிராளியின் வரிகளை மட்டும் தனியாகப் பிரித்து, தேதி போட்டு, ஐந்து நாளில் மொத்தமாக அனுப்பிவைத்தார். ஒரு முற்றுப்புள்ளிகூட விட்டுப்போகவில்லை. அச்சில் வந்தால் நானூறு பக்கம் தேறும். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனையா இத்தனை நாள் திட்டினோம் என்று நினைத்துக்கொண்டாள்.

பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. நானூறு பக்கமும் கொல்லைப்புறம். பஸ் கட்டணம், குப்பைத்தொட்டி, ஓட்டு, ஊழல், நீ யார், உன் யோக்கியதை என்ன. ஹாலில் எழுதிய குறிப்புகளில் ஒன்றுகூட இல்லை. ஏனென்றால் அங்கே வரிக்குவரிக்கும் மறுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பிடித்திருந்ததால் ‘நன்று’ என்று ஒரு சொல் போட்டுவிட்டுப் போயிருந்தார். மற்றவர்களும் அப்படித்தான். நான்கு ஆட்டோகிளேவ் ஓட்டங்கள் முடியும் வரை உட்கார்ந்து இருநூற்று மூன்று பக்கங்களையும் அவள் தேடிப் பார்த்தாள். சண்டை போட்டதையெல்லாம் ஆளாளுக்கு எடுத்து வைத்திருந்தார்கள், ரசித்ததை ஒருவரும் எடுத்து வைக்கவில்லை. நிர்வாகியான அவளும் அந்தப் பக்கங்களில் எழுதியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: ‘தலைப்பை விட்டு விலக வேண்டாம்.’

கிடைத்ததை அவருக்கு அனுப்பிவைத்தாள். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். முழுவதையும் படித்தாராம்.

“நான் இவ்வளவு மோசமாவாம்மா பேசிட்டிருந்தேன்?” என்றார். “அப்பப்ப எழுதறப்ப தெரியல. ஒண்ணாச் சேத்துப் படிச்சா, யாரோ ஒரு கெட்ட கெழவன் மாதிரி இருக்கு.”

அப்படியெல்லாம் இல்லை என்று அவள் ஏதோ சமாதானம் சொன்னாள். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

“ஒரு உதவி பண்ணுங்க. அதையும் எடுத்துடுங்க. மிச்சம் இருக்கறது இது மட்டும்தான்னா, இது இருக்க வேணாம்.”

அவளாக எடுத்துவிடுவது முறையில்லை. அந்த வரிகள் எல்லாம் இப்போது வரிக்குவரியின் பதிவுகளுக்குள் இருந்தன. அவர் தன்னுடைய ஒன்பது வருஷத்து மறுப்புகளையும் அழித்தால்தான் இது போகும். மனுஷன் ஒரு கமாவைக்கூட விட்டுக்கொடுக்காதவர் ஆயிற்றே என்று தயங்கித் தயங்கித்தான் டீச்சர் அவருக்கு எழுதினாள். ஆதாரம் கேட்பார், காரணம் கேட்பார், பதினேழு வரியில் மறுப்பார் என்று எதிர்பார்த்தாள். அவரிடமிருந்து பதிலே வரவில்லை. அடுத்த இரண்டு வாரமும் கொல்லைப்புறத்தில் பக்கம் பக்கமாகக் காலியாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொன்றாக அவரே கையால் அழித்துக்கொண்டிருந்தார்.

அது முடிந்த அன்றைக்கு, மெஷினை ஓடவிட்டு வந்து உட்கார்ந்து, மூன்றாம் மாடியைக் கூப்பிட்டுச் சொன்னாள். நன்றி என்றார். குறிப்புகளை மறுபடி எழுதலாமே சார் என்று கேட்டாள். வயசாகிவிட்டது, அதெல்லாம் ஒரு தடவை வரும், அவ்வளவுதான் என்றார். குரலில் வருத்தம்கூட இல்லை, வெறும் அசதிதான். அது அவளுக்கு நன்றாகப் பழகிய அசதி. அதனால்தானோ என்னவோ, இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள்.

“நாப்பத்தொண்ணாவது பாகம் சார். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத ஒருத்தர் காரப் பின்னாடி எடுக்கறதுக்குப் பதிலா ஊரையே சுத்திட்டு வருவாரே, அது. உங்களுக்கும் உங்க வீட்டம்மாவுக்கும் சண்டை வந்தா நீங்களும் அப்படித்தான் சுத்துவீங்கன்னு எழுதியிருந்தீங்க. ஒரு சாரி சொன்னா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும், நாங்க ரெண்டு வாரம் சுத்தினோம்னு. அதப் படிச்ச அன்னைக்கு நானும் வீட்டுக்காரரும் நாலு நாளாப் பேசாம இருந்தோம். போய் நான்தான் முதல்ல பேசினேன்.”



“நான் அப்படியா எழுதியிருந்தேன்?” என்றார். குரல் மாறிவிட்டது. “மறந்தே போச்சும்மா. அவ இருந்தப்போ எழுதினது அது. அவகிட்ட படிச்சுக் காமிச்சேன்.” சிரித்தார். பிறகு, சின்னப் பிள்ளை கேட்பதுபோல, “வேற எது ஞாபகம் இருக்கு?” என்று கேட்டார்.

டீச்சர் யோசித்தாள். இருநூற்று மூன்றையும் அவள் படித்திருந்தாள். ஒவ்வொன்றையும் இதே நாற்காலியில் உட்கார்ந்து, அவர் அனுப்பிய அன்றைக்கே படித்திருந்தாள். சிரித்தது ஞாபகம் இருந்தது. ஒருமுறை அழுததும் ஞாபகம் இருந்தது. எதற்கு என்பதுதான் வரவில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார்.

“நிறைய இருக்கு சார்,” என்றாள்.

“சொல்லுங்க,” என்றார் அவர்.