தேசம்மாள் அண்ணியின் ஞாயிற்றுக்கிழமைகள்

பரந்தாமன் மெதுவாக வந்தார் என்பதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. அவர் எங்கள் சதுரங்கப்பட்டினம் பஞ்சாயத்து ரேடியோ ரூமின் சாவி வைத்திருப்பவர். எங்கே நுழைந்தாலும் சத்தம் முதலில் வரும், ஆள் பிறகு வருவார். அன்றைக்கு ஆள் மட்டும் வந்தார். செங்கற்பட்டு பெரியாஸ்பத்திரியில் கண்புரை ஆபரேஷன் செய்து, இரண்டு கண்ணையும் கட்டி, தலையை அசைக்கக் கூடாது என்று என்னை மல்லாக்கப் படுக்கவைத்திருந்தார்கள். கட்டிலின் கம்பியை அவர் பிடித்தது தெரிந்தது.

"அண்ணாத்த..."

"யாரு? அண்ணியா?" என்றேன்.

"காலைல கூடைய தூக்கி தலைல வச்சிகினு நல்லாத்தான் போனாங்க. பஸ் நிக்கிற எடத்துல கூடைய எறக்கி வச்சிட்டு, அது மேலயே சாஞ்சிட்டாங்க. தூக்கிகினு ஓடறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. அழுவாத அண்ணாத்த. கட்டு நனையக் கூடாதாம், நர்சம்மா சொல்லித்தான் உள்ள வுட்டாங்க."

அழவும் கூடாது, எழுந்து போகவும் கூடாது. அண்ணியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. கட்டுக்குள் இருட்டில் கிடந்துகொண்டு, அவரை நான் முதல் முதலாகப் பார்த்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டே வந்தேன். அதைத்தான் இங்கே சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அண்ணியின் மகள் கஸ்தூரி எழுதுகிறாள், காரியத்துக்கு வருகிறவர்களுக்குப் படித்துக் காட்டுவதற்காக. அவரை அறிந்தவர்கள் தலையாட்டுங்கள். அறியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

தேசம்மாள் அண்ணி மாமல்லபுரத்துக் குப்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர். என் அண்ணன் கன்னியப்பனைவிட விரற்கடை உயரம். அந்த உயரத்தின்மேல் ஒரு பெரிய கொண்டை. எங்கள் வீட்டு வாசற்படியில் அந்தக் கொண்டை இடிக்காத நாள் இல்லை. "பொண்ணு பாக்க வந்தப்ப ஒக்காந்துகினு இருந்தா, ஏமாந்துட்டேன்" என்பார் அண்ணன். "உங்கண்ணன் நின்னுகினுதான் இருந்தாரு தம்பி, எனக்குத்தான் ஒக்காந்த மாதிரி தெரிஞ்சிது" என்பார் அண்ணி.

அவர்கள் கல்யாணம் ஆன சில வருஷத்தில் மெட்ராசிலிருந்து சினிமாக்காரர்கள் மாமல்லபுரம் கரைக்கு வந்தார்கள். ராஜா கதை. கடலில் சண்டை எடுக்க வேண்டும், மரம் ஓட்டுகிற ஆட்கள் வேண்டும் என்றார்கள். மரம் என்றால் எங்கள் பேச்சில் கட்டுமரம். நானும் அண்ணனும் போனோம். அட்டையில் செய்து சாயம் அடித்த இரும்புத்தொப்பியைத் தலையில் கவிழ்த்தார்கள். எனக்குத் தாடி ஒட்டினார்கள். அண்ணனுக்கு இருந்த மீசையே போதும் என்று விட்டுவிட்டார்கள். நாங்கள் எதிரி ராஜாவின் படை. அம்பு பட்டதும் எல்லாரும் செத்துக் கடலில் விழ வேண்டும் என்று ஒருவர் வாயில் குழாய் வைத்துக் கத்தினார்.

"சார், துடுப்பு போயிடுமே?" என்றார் அண்ணன்.

"போனா போகுதுய்யா, வேற வாங்கிக்கலாம். நீ செத்தவன், ஞாபகம் வச்சிக்கோ!"

அண்ணன் துடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். என் மரம் முன்வரிசை. நான் முதலில் விழுந்து, மூச்சடக்கித் தண்ணீருக்குள்ளேயே கிடந்தேன். பின்னால் நடந்தது எனக்குத் தெரியாது.

அந்தப் படம் கொட்டகைக்கு வருவதற்கு முன்பே அண்ணன் போய்விட்டார். அந்த வருஷத்துப் புயலுக்கு முந்தின நாள் கடலுக்குள் போனவர். மரம் மட்டும் கரை ஒதுங்கியது. உடம்பு கிடைக்கவில்லை. அப்போது கஸ்தூரி வயிற்றில். படம் செங்கற்பட்டுக் கொட்டகையில் ஓடியபோது எங்கள் வீட்டில் துக்கம். வருஷம் திரும்பும்வரை சினிமாப் பேச்சே கூடாது. போய்ப் பார்த்துவிட்டு வந்த தெருக்காரர்கள் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. கடலில் போனவனைப் பற்றி, அவன் வீட்டிலேயே கடல் சண்டையைச் சொல்வார்களா? எங்கள் துக்கம் தீர்ந்தபோது படம் ஊரைவிட்டுப் போயிருந்தது.

அண்ணனுக்கு ஒரு போட்டோ இல்லை. எங்கள் வீட்டில் யாருக்குமே இல்லை. "எங்கப்பா எப்டி இருப்பாரு?" என்று கஸ்தூரி சின்ன வயதில் கேட்பாள். கூடையில் மீனை அடுக்கிக்கொண்டே அண்ணி சொல்வார்: "உங்க சித்தப்பன் மாதிரிதான் இருப்பாரு. ஆனா லட்சணமா."

தலையில் கூடை வைத்துத் திருக்கழுக்குன்றம்வரை விற்று, மகளைப் பத்தாவதுவரை படிக்கவைத்தார். அந்த வருஷங்களில் அவர் ஒரு சினிமாவுக்கும் போனதில்லை.

எமர்ஜென்சி சமயத்தில் ரேடியோ ரூமுக்கு ஒரு டெலிவிஷன் பெட்டி வந்தது. எங்கள் ஊர்ப் பழைய கோட்டைப் பக்கம் மூங்கில் நட்டு ஏரியலைக் கட்டினார்கள். கடற்காற்று அதைத் திருப்பிவிடும். பரந்தாமன் ஓடிப்போய் மறுபடி திருப்புவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பழைய படம் போடுகிறார்கள் என்று தெரிந்த வாரமே அண்ணி வந்துவிட்டார். விற்றுவிட்டு வந்த கூடையோடு உள்ளே வந்து, முதல் வரிசையில் அதைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.

"அக்கா, கூடைய வெளிய வச்சிட்டு வா, நாறுது" என்றார் பரந்தாமன்.

"மீன் துன்றத நிறுத்திட்டேன்னு சொல்லு, வெளிய வைக்கிறேன்."

பின்னாலிருந்த பிள்ளைகள் கத்தினார்கள்: "ஆயா, கொண்டை மறைக்கிது! கொண்டைய எறக்கு!"

"கழட்டி மடியில வச்சிக்கவாடா? கழுத்த சாச்சிப் பாருங்க."

அன்றைக்குப் படத்தைப் பாதியில் நிறுத்திச் செய்தி வாசித்தார்கள். பூ வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் தோன்றிப் பேச ஆரம்பித்தார். அண்ணி என் பக்கம் சாய்ந்து, "இவ யாரு தம்பி, ராஜாவுக்கு ரெண்டாந்தாரமா?" என்றார். ரூமே சிரித்தது. அந்தச் செய்தி அம்மாளுக்கு எங்கள் ஊரில் இன்றைக்கும் ரெண்டாந்தாரம் என்றுதான் பேர்.

கிழவிக்குச் சினிமாப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெருவில் பேசினார்கள். அவர் எதற்கு வருகிறார் என்று எனக்குத் தெரியும். படம் முடிந்து நடக்கும்போது ஒருநாள் கேட்டார்: "தம்பி, அந்தப் படம் என்னிக்காவது வருமில்ல? எம் பொண்ணு அவ அப்பன ஒருவாட்டி பாக்கணும்."

"வரும் அண்ணி" என்றேன்.

ஆனால் எந்தப் படம்? அதன் பேர் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் நடித்தபோது யாரும் பேர் சொல்லவில்லை. கொட்டகையில் பார்த்த பெரியவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். எனவே ஒரு ஞாயிறும் விடமுடியாது. படம் தொடங்கும்போது கஸ்தூரி எழுத்தைப் படித்துச் சொல்வாள். "அந்தப் பேரா தம்பி?" என்று அண்ணி கேட்பார். "தெரியல அண்ணி" என்பேன். கடல் வருகிறதா என்று கடைசிவரை காத்திருப்பார்.

எனக்கு உள்ளுக்குள் வேறு பயம். எதிரிப்படையில் மரம் ஓட்டினோம் என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தேன். விழுந்ததைச் சொல்லவில்லை. அண்ணன் கடலில் சாகிறதை, அந்த ரூமில் நூறு பேருக்கு நடுவில், அண்ணி பார்க்க வேண்டுமே. அந்தப் படம் வர வேண்டும் என்று அவர் உட்கார்ந்திருப்பார். வராமல் போகட்டும் என்று பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.

காத்திருக்கக் காத்திருக்க, அவருக்குப் படங்களே பிடித்துப்போயின. பாட்டு வந்தால் கூடையில் தாளம் போடுவார். கெட்டவன் கதவு தட்டினால், "தொறக்காதடி! அவன் மூஞ்சியப் பாரு!" என்று கத்துவார். கப்பல் மூழ்குகிற ஒரு படத்தில் எல்லாரும் கலங்கிக்கொண்டிருக்க, "இது தொட்டித் தண்ணிடா, அலையே தப்புத் தப்பா அடிக்கிது" என்று எங்களைத் தேற்றினார். திங்கட்கிழமை திருக்கழுக்குன்றத்தில் மீனோடு கதையும் போகும். விலை படிந்தால்தான் முடிவைச் சொல்வார். "நேத்து அந்தப் பொண்ணு கெணத்துல குதிச்சாளே, பொழைச்சாளா?" என்று வீட்டுக்காரம்மாக்கள் கேட்பார்கள். "வஞ்சிரம் வாங்குனா பொழைப்பா" என்பார் அண்ணி.

அந்த ஞாயிறும் வந்தது. கஸ்தூரி பேரைப் படித்தாள். யாரும் கேள்விப்படாத பேர். அரண்மனை, தோட்டம், பாட்டு என்று போனது. செய்தி வந்து போயிற்று. அதற்குப் பிறகு திரை முழுக்கக் கடல். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி, இது எங்கூட்டுக் கரை."

ஒரு மூலையில் கடற்கரைக் கோயிலின் நுனி தெரிந்தது. பிறகு மரங்கள் வரிசையாக வந்தன. முன்வரிசையில் எங்கோ நான் இருந்தேன்; தாடிக் கூட்டத்தில் என்னை எனக்கே தெரியவில்லை. பின்வரிசையில், தொப்பி கோணலாக, மீசையோடு, ஒருவர் நின்றபடி துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார்.

"கஸ்தூரி" என்றார் அண்ணி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "தோ நிக்கிறாரு பாரு, உங்கப்பா."

அம்பு பறந்தது. முன்வரிசை விழுந்தது. அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். துடுப்பு கையை விட்டுப் போயிற்று. பின்பக்கமாகத் தண்ணீரில் விழுந்தார். நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். ரூமில் ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் எங்கள் தெருக்காரர்கள், எல்லாருக்கும் தெரியும். என் மணிக்கட்டை அண்ணியின் கை விட்டுவிட்டது.

பிறகு ஒரு குழந்தை சிரித்தது. இன்னொன்று சிரித்தது. பெரியவர்களும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் யாரை அடிப்பது என்று தலை நிமிர்ந்தேன்.

திரையில் கதாநாயகர் படகின் முன்னால் நின்று வீரவசனம் பேசிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், செத்தவர்கள் கிடக்கிற கடலில், ஒரு தலை மேலே வந்தது. கையால் முகத்தை வழித்துவிட்டு, இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. இரண்டு வீச்சு நீந்திப் போய், மிதந்துகொண்டிருந்த துடுப்பைப் பிடித்தது. பிடித்த கையோடு அண்ணன் தாவி மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்த பிறகுதான் தாம் செத்தவர் என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். துடுப்பை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்துவிட்டார். கதாநாயகர் எதுவும் தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தார்.

அண்ணிதான் எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தார். கன்னத்தில் தண்ணீர் ஓடியது, சிரித்துக்கொண்டே இருந்தார்.

"எங்க போவாரு? துடுப்ப வுட்டுட்டு வர ஆளா அவரு? ஏறிட்டாரு பாத்தியா தம்பி? ஏறிட்டாரு!"

கஸ்தூரி திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், மெதுவாகச் சொன்னாள்: "சித்தப்பாவவிட லட்சணமாத்தான் கீறாரு."

இதை எழுதச் சொன்னதும் அவள் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய், முகம் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி உட்கார்ந்திருக்கிறாள்.

அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது அண்ணி கேட்டார். "வுழுவாருன்னு உனுக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"ஏறுவாருன்னு?"

"தெரியாது."

அண்ணி கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "இத்தினி வருஷமா கண்ண மூடினா, உங்கண்ணன் முழுவற மாதிரியேதான் தெரியும் தம்பி. இனிமே ஏறுற மாதிரி தெரியும்."

அடுத்த ஞாயிறு அவர் வரமாட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். சரியான நேரத்துக்குக் கூடையோடு வந்து, கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அதான் பாத்துட்டியே அக்கா? இன்னும் இன்னாத்துக்கு வர்ற?" என்றார் பரந்தாமன்.

"இவ்ளோ நாளு எம் புருசனுக்காவ வந்தேன். இன்னிக்கு எனக்காவ வந்துகீறேன். பெட்டிய போடு."

அதற்குப் பிறகு அவர் பார்த்ததுதான் பார்ப்பது. கடலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காதலுக்கு இரங்கினார், கோமாளிக்குச் சிரித்தார், சோகப்படம் முடிந்தால் முந்தானையை உதறிக்கொண்டு, "நல்லா அழுதாச்சி, வூட்டுக்குப் போவலாம்" என்று நிம்மதியாக எழுந்தார். உழைத்து ஓய்ந்த ஒரு மனுஷிக்கு வாரத்தில் ஒரு சாயங்காலம் முழுசாகக் கிடைத்தது. அதில் ஒரு துளியைக்கூட அவர் வீணாக்கவில்லை.

கண்கட்டைப் பிரித்து, தடித்த கண்ணாடி போட்டு என்னை ஊருக்கு அனுப்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது ரேடியோ ரூமுக்கு வெளியே ஜனம் உட்கார்ந்திருந்தது. கதவு பூட்டியிருந்தது. பரந்தாமன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தெருவுல சாவு கீது, படம் வாணாம்னு பெரியவங்க சொல்றாங்க அண்ணாத்த. உங்க வூட்டுத் துக்கம். நீதான் சொல்லணும்."

துக்கத்தால் ஒரு படத்தைத் தவறவிட்டு, அதற்காக எத்தனை வருஷம் ஒருவர் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

"பெட்டிய போடு" என்றேன்.

எல்லாரும் உள்ளே போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் யாரோ அண்ணியின் கூடையைக் கொண்டுவந்து கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதில் யாரும் உட்காரவில்லை. படம் ஆரம்பித்தது. புதுக் கண்ணாடியில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தேன். கூடைக்குப் பின்னால் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும், மறைப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில், பழக்கத்தில் கழுத்தைச் சாய்த்தபடியே படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போய் வாருங்கள் அண்ணி. கஸ்தூரியை நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் துடுப்போடு மரத்தில் மல்லாந்து படுத்திருப்பார். கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லி, ஏறிக்கொள்ளுங்கள்.