புளியமரத்தடிப் புலி

வேலப்பன்சாவடியில் எங்கள் கரிவாயு பஸ் நிற்கிறது. பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் வண்டி; டிரைவர் பின்பக்க உலையில் கரி அள்ளிப் போடுகிறார். புளியமரத்தடியில் ஆடுபுலி ஆட்டம் அமளிப்படுகிறது. ஆடுகிறவர்களில் சிலருக்குக் கால் இல்லை, சிலருக்குக் கண் தெரியாது. வீட்டு மூலையில் கிடந்தவர்களை வண்டிக்கார முனுசாமி ஞாயிறுதோறும் கூலி வாங்காமல் ஏற்றி வருகிறாராம்.

கண் தெரியாத எல்லப்பன் கூப்பிட, நானும் உட்காருகிறேன். கூழாங்கல் புலிகள் அவருக்கு, புளியங்கொட்டை ஆடுகள் எனக்கு. பாவமென்று ஓர் ஆட்டைப் புலியின் வாயருகே வைக்கிறேன். எல்லப்பன் கட்டத்தை விரலால் தடவிப் பார்க்கிறார்.

“இன்னா நைனா, உட்டுக் குடுக்கிறியா? அதுக்குத்தான் ஊட்ல அத்தினி பேரும் கீறாங்களே! எயுந்திரு!”

பஸ் ஹாரன் அடிக்கிறது. நான் இன்னும் ஒரே ஓர் ஆட்டத்துக்குக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.