டப்பாவில் இல்லாத பால்

அஜீசுன்னிசாவுக்குப் பெரிய ஆசைகள் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரே ஓர் ஆசை இருந்தது. அதையும் தன் கையாலேயே புட்டியில் ஊற்றிக் கொடுத்துவிட்டார்.

காரைக்காலில் பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள தெருவில் அவர் வீடு. கணவர் முகைதீன் பிச்சை கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அடுத்த வீடு தம்பி மனைவி ரோஷன் பேகத்தின் வீடு. தம்பி நெய்னா முகம்மது சைகோனில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். வருகிறேன் என்று சொல்லி அனுப்புவார், பிறகு வரவில்லை என்று சொல்லி அனுப்புவார். சைகோனுக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிப் போனவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் தவறாகப் பேச மாட்டார்கள். பேசுவதையே விட்டுவிடுவார்கள்.

தம்பியும் அப்படி ஆகிவிடுவாரோ என்பதுதான் அஜீசுன்னிசாவின் பயம்.

1953இல் ரோஷனுக்கு நூகு பிறந்தான். பத்துப் பதினைந்து நாளில் அஜீசுன்னிசாவுக்கு, கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, கைருன்னிஸா பிறந்தாள். தம்பிக்கு மகன், அக்காவுக்கு மகள். தொப்புள்கொடி விழுவதற்கு முன்பே இவனுக்கு இவள் என்று தெரு முடிவு செய்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து தங்குவதுதான் வழக்கம். நூகு மாப்பிள்ளையாகத் தன் வீட்டுக்கு வருவான், மகன் இருக்கும் வீட்டுக்குத் தகப்பன் வராமல் இருக்க முடியாது என்று அஜீசுன்னிசா கணக்குப் போட்டார். நெய்னாவும் சைகோனிலிருந்து வந்த ஒருவரிடம் மருமகளுக்கென்று ஒரு ஜோடி கொலுசு கொடுத்து அனுப்பினார்.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் முடிந்த கையோடு ரோஷனுக்கு மார்பில் கட்டி வந்தது. காய்ச்சல் வந்தது. டாக்டர் கீறிவிட்டார், கட்டி ஆறியது, பால் வற்றிவிட்டது. நூகு அழுதான்.

அடுத்த வீட்டில் அஜீசுன்னிசாவுக்குப் பால் கட்டி ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது. வேறு எந்த வீடாக இருந்தாலும் பிள்ளையைச் சுவருக்கு இந்தப் பக்கம் நீட்டியிருப்பார்கள். இங்கே முடியாது. ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் உடன்பிறப்பு ஆகிவிடுவார்கள், அவர்களுக்குள் நிக்காஹ் கிடையாது. மார்க்கம் அப்படிச் சொல்கிறது. ஆகவே ஒரு வீட்டில் பால் இல்லாமல் பிள்ளை அழுதது, பக்கத்து வீட்டில் பாலைப் பிழிந்து வாழை மரத்தடியில் ஊற்றினார்கள்.

கடைத்தெருவில் பிரெஞ்சுச் சரக்கு விற்கும் கடையில் முகைதீன் பிச்சை ஒரு பால்மாவு டப்பாவும் ஒரு கண்ணாடிப் புட்டியும் வாங்கி வந்தார். டப்பாவின் மேல் கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. கீழே பிரெஞ்சில் நிறைய எழுதியிருந்தது. படித்துச் சொல்ல ஆள் தேடாமல் ரோஷன் தன் யோசனைப்படி கரைத்தார். அடுத்த டப்பா எப்போது வருமோ என்று மாவைக் குறைத்தார், தண்ணீரைக் கூட்டினார். தண்ணீர் கிணற்றிலிருந்து வந்தது, அடுப்புப் பக்கம் போகவில்லை. (நான் இருக்கும் நாட்டில் குழந்தை உணவு வாங்கினால் டப்பாவில் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் மூடியைத் திறக்கிறேன். படித்த பிறகும் நிம்மதி வருவதில்லை.)

நூகுவுக்கு வயிறு போயிற்று. கழுத்து நிற்க வேண்டிய பிள்ளைக்குக் கழுத்து எலும்பு தெரிந்தது. டப்பாவின் மேல் இருந்த பிள்ளை மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு நாள் காலை அஜீசுன்னிசா அடுத்த வீட்டுக்குப் போய், "புட்டிய என்கிட்ட கொடு ரோஷன். நீ படுத்துக்க, நானே கரைச்சுக் கொண்டாரேன்" என்றார். புட்டியைக் கொதிநீரில் கழுவி எடுத்துக்கொண்டு தன் வீட்டு உள்ளறைக்குப் போனார். வெளியே வந்தபோது புட்டி நிறைந்திருந்தது. டப்பா திறக்கப்படவில்லை.

வாய் வைத்துக் குடித்தால்தானே உறவு, புட்டியில் குடித்தால் ஆட்டுப்பால் மாட்டுப்பால் மாதிரிதானே என்று அவர் தனக்குத்தானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். அது சரியா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

நூகு தேறினான். பிறகு கொழுத்தான். தொடையில் மடிப்பு விழுந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள். பிரான்சு பால் பிரான்சு பால்தான் என்றார்கள். சிலர் கைருன்னிஸாவையும் நூகுவையும் அருகருகே கிடத்திப் பார்த்து, தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையைவிட டப்பாப் பால் குடிக்கும் பிள்ளை ஒரு சுற்று கூட இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். இரண்டும் ஒரே பால் என்பது தெரிந்த ஒரே ஆள் அங்கே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

கொல்லைப்புறத்து முடுக்குச் சந்தைத் தாண்டினால் இருதயமேரியின் வீடு. அவர் புருஷன் சூசைமுத்துவுக்குச் சர்க்கார் பீரோவில், அதாவது ஆபீசில், எழுத்து வேலை. இருதயமேரிக்கும் கைப்பிள்ளை இருந்தது, பாலும் குறைவில்லாமல் இருந்தது. நூகுவின் தொடையைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குத் தன் பால்மேல் நம்பிக்கை போய்விட்டது. அவரும் ஒரு டப்பா வாங்கினார். பிள்ளைக்கு மார் கொடுப்பதை நிறுத்தினார். ரோஷனிடம் கேட்டு, ரோஷன் கரைத்த மாதிரியே கரைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம், இருதயமேரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முடுக்கு வழியாக அஜீசுன்னிசாவின் வீட்டுக்கு வந்தார். ரோஷனும் அங்கேதான் இருந்தார். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, கண் உள்ளே போயிருந்தது. அஜீசுன்னிசா அதன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அந்த எலும்பு அவருக்குத் தெரிந்த எலும்பு.

"ஒங்க நூகுவுக்குப் பிடிச்ச மாவு எம்புள்ளைக்கு மட்டும் ஏன் பிடிக்கமாட்டேங்குது?" என்றார் இருதயமேரி. "நான் என்ன தப்பாக் கரைக்கிறேன்னு சொல்லுங்க."

கைருன்னிஸா தூளியில் கொலுசோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அஜீசுன்னிசா அந்தக் கொலுசைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"நூகு அந்த மாவைக் குடிக்கல. எம்பாலத்தான் குடிக்கிறான். புட்டியில பீச்சிக் கொடுக்கிறேன். ஒனக்கு இன்னும் சுரக்குதுல்ல? இங்கயே உட்காந்து புள்ளைய மார்ல போடு. போட்டுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போ."

இருதயமேரி உட்கார்ந்தார். சுரப்பு குறைந்திருந்தாலும் நிற்கவில்லை. பிள்ளை முதலில் முகத்தைத் திருப்பியது, பிறகு பிடித்துக்கொண்டது. அந்தப் பிள்ளை பிழைத்தது. இன்று அவர் பெரிய மனிதர், பெயர் சொன்னால் சங்கடப்படுவார்.

ரோஷன்தான் எழுந்து நின்றுகொண்டிருந்தார். "மச்சி, அப்ப நம்ம சம்பந்தம்?" என்று நாத்தனாரைக் கேட்டார்.

"ஒம்புள்ள உசிரோட இருந்தாத்தானே ரோஷன் சம்பந்தம்."

அன்று மாலை ரோஷன் புட்டியைத் தானே கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார்.

விஷயம் தெருவுக்குப் போவதற்கு முன்னால் மார்க்கத்தில் என்ன என்று தெரிந்துகொள்ள முகைதீன் பிச்சை இமாமிடம் போனார். யாரோ தெரிந்தவர் வீட்டில் இப்படி நடந்துவிட்டதாகச் சொன்னார். தெரிந்தவர் சம்சாரம் எத்தனை தடவை கொடுத்தார் என்று இமாம் கேட்டார். எண்ணவில்லை, மாசக்கணக்காக வயிறு நிறையத்தான் என்றார் முகைதீன் பிச்சை. புட்டியில் கொடுத்தாலும் பால் வயிற்றுக்குத்தான் போகிறது, அந்தப் பையன் அவர்களுக்கு மகன், அந்தப் பெண்ணுக்கு அண்ணன் என்றார் இமாம். பிறகு, "மகன் பொறந்ததுக்கு எங்களுக்கெல்லாம் இனிப்பு கிடையாதா?" என்று கேட்டார்.

முகைதீன் பிச்சை அன்று மதியம் கடையைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து இமாம் சொன்னதைச் சொல்லிவிட்டுத் தின்பண்டக் கடைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு புட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. அஜீசுன்னிசா நூகுவை நேராகவே மடியில் போட்டுக்கொண்டார். கொலுசைக் கழற்றித் துணியில் முடிந்து பெட்டிக்குள் வைத்தார் அஜீசுன்னிசா. மருமகளுக்கு வந்தது, மருமகள் இல்லை என்றால் திருப்பித் தர வேண்டியதுதானே. தம்பிக்கு இனி இந்த ஊரில் பிடிமானம் என்று எதுவும் இல்லை, கட்டியிருந்த ஒரு கயிற்றையும் தானே அறுத்துவிட்டோம் என்று அவர் நம்பினார். இதைச் சைகோனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அங்கிருந்து பதில் வரவில்லை.

ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி, சைகோனிலும் நிலைமை மாறிய பிறகு, 1955இல் ஒரு நாள் நெய்னா முகம்மது பெட்டியோடு வந்து இறங்கினார். வாசலில் கூட்டம் கூடியது. அஜீசுன்னிசா வெளியே வரவில்லை. அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் கொலுசு முடிச்சு எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

நெய்னா தன் வீட்டுக்குள் போய்விட்டு, மகனைத் தேடிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். நூகு கைருன்னிஸாவோடு ஒரே தட்டில் சோறு அளைந்துகொண்டிருந்தான். கோட்டு போட்ட ஆளைப் பார்த்ததும் எழுந்து ஓடி, அஜீசுன்னிசாவின் முக்காட்டுக்குள் புகுந்து வீறிட்டான்.

நெய்னா அடுப்படி வாசலிலேயே நின்றார். கொலுசு முடிச்சைப் பார்த்தார். குனிந்து எடுத்துப் பிரித்து, கைருன்னிஸாவைப் பிடித்து உட்காரவைத்து, கொக்கி எட்டாத காலில் அதை மாட்ட முயன்று தோற்றார்.

"லாத்தா, ஒங்க மகன் என்னப் பாத்து அழுவுறான்" என்றார் அக்காவிடம்.

"புது ஆளு. பழகிக்குவான்" என்றார் அஜீசுன்னிசா. "கைகால் கழுவிட்டு வா, சாப்புடலாம்."