இது எந்த அசால்?

மலேசியாவில் லூமுட் பக்கம் ஒரு கடலோரப் பூங்காவில், தண்ணீருக்கு மேல் நிற்கும் பழைய மர மண்டபத்தைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கிறோம். நான் அங்கே சைட் இன்ஜினியர். வாசலில் பெரிய பலகை: ‘ஸ்ட்ருக்தூர் அசால்’, அதாவது அசல் கட்டமைப்பு. மலாயில் அசால் என்றால் நம்முடைய அசல்தான்.

இன்று காலை தண்ணீர் வற்றியதும் கீழே இறங்கி, ஒரு தூணில் பூச்சு வெடித்திருந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போனது. கடல் புழு தின்று தீர்த்த மரம். அதன் மேல் சிமெண்ட் பூசி, மர நிறச் சாயம் அடித்திருக்கிறார்கள். பிணத்துக்குப் பவுடர்.

சூப்பர்வைசர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“மேல வார்னிஷ் பளபளன்னு இருக்குல்ல? கீழ யாரு குனிஞ்சு பாக்கப் போறா? அசால் சியாப் போதும்லா தம்பி.”

அசால் சியாப் என்றால், எப்படியோ முடிந்தால் சரி. அதே அசால்!

“திறந்ததும் பிள்ளைங்க மேல ஏறி ஓடும் அண்ணே. தூண மாத்தாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“நீ போடலன்னா வேற ஆளு போடுவான்லா.”

போடுவான். அதனால்தான் நான் அந்தத் தூணைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.

விடுமுறைக்கு வருகிறவர்கள் மண்டபத்தில் ஏறாமல் புல்தரையில் நின்றே செல்பி எடுங்கள். உங்கள் ஊர்ப் பலகையில் இருப்பது எந்த அசால்? குத்திப் பார்த்துச் சொல்லுங்கள்.