நான் மறைத்த பிஸ்டன் ரிங்

திருப்பதியில் என் ஷெட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்காரர்களும் வேன்காரர்களும் எஞ்சினைப் பிரிக்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். நான் கட்டிய எஞ்சின் கடைசி வளைவு வரைக்கும் முனகாமல் ஏறும். பெரிய வித்தை ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் டைட்டாகக் கட்டுவேன். பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே துளி இடைவெளி விட வேண்டும். புத்தகத்தில் எது குறைந்த அளவோ அதைத்தான் விடுவேன். அழுத்தம் கசியாது, வண்டி இழுக்கும். இதை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, இப்போது நினைத்தால் என்னை நானே ரெண்டு அறை விடலாம் போலிருக்கிறது.

புதுப் புதுக் கார்கள் ஊருக்குள் வரத் தொடங்கியிருந்த காலம். தெருவுக்கு நாலு பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். அப்படி ஷார்ஜாவில் எஞ்சின் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சித்தூர்க்காரர் ஒருத்தர் மூன்று மாத லீவில் வந்தார். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் கப்பலில் கொண்டுவந்த ஜப்பான் கார் ஒன்று வீட்டுக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு டர்போ போட வேண்டும் என்று ஆசை. எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையாலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிற சாமான் டர்போ. சக்தி கூடும். கூடவே சூடும் கூடும். பழைய எஞ்சின் அதைத் தாங்காது என்பதால் உள்ளே எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும். டர்போவையும் நான்கு பலமான பிஸ்டன்களையும் பெட்டியில் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

சிலிண்டரைக் குடைந்து பிஸ்டனுக்குத் தக்கபடி இழைத்துக் கொடுப்பதை எங்கள் பக்கம் போர் போடுவது என்போம். அதில் என் தங்கை புருஷனை மிஞ்ச ஆள் கிடையாது. சித்தூரில் ஒரு பழைய போரிங் மிஷின் வைத்திருந்தார். நாங்கள் இரண்டு பேருமே சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள். அவர் வேலையைப் பார்த்த சித்தூர்க்காரர், "எஞ்சின் நல்லா வந்துச்சுன்னா உன்ன ஷார்ஜாவுக்குக் கூட்டிக்கினு போறேன். என் ஷாப்ல போர் போட ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டார். தங்கை அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் தயாராக இருந்தது.

பிஸ்டனோடு வந்த தாளில் இருந்த அளவை மூன்று முறை படித்து, மூன்று முறை அளந்து, நான்கு போரையும் மாப்பிள்ளை போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது கேட்டார்.

"இன்னா மச்சான், டர்போன்னா சூடு ஜாஸ்தி ஆவுமே. சூட்டுல ரிங்கும் நீளும் இல்ல? கேப்ப இன்னும் கொஞ்சம் தொறந்து வுட்டா இன்னா?"

எனக்குச் சுருக்கென்றது. போர் போடுகிறவன் எனக்குப் பாடம் நடத்துவதா?

"நீ போரோட நிறுத்திக்க மாப்ள. ரிங்கு என் வேலை. மல ஏத்துற எஞ்சின் கட்றவன் நானா, நீயா?"

"சரிப்பா, சரி. நீதான் பெரிய ஆளு, ஒத்துக்கினேன்" என்று சிரித்துவிட்டு பஸ் ஏறினார். நான் வழக்கம்போல டைட்டாகவே மாட்டினேன். தாளில் ரிங்குக்கும் ஒரு அளவு இருந்தது. அந்தப் பக்கத்தை நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு திமிர்.

ஒரு மாதம் டர்போவை மூடி வைத்து, மெதுவாக ஓட்டி எஞ்சினைப் பழக்கினோம். எந்தக் குறையும் இல்லை. பிறகு ஒரு காலையில் டர்போவைத் திறந்து, சித்தூர்க்காரரே ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து சென்னை ரோட்டில் கிளம்பினோம். அடேயப்பா, அந்த இழுவை! சீட்டோடு முதுகு ஒட்டிக்கொண்டது. "பாகுந்தய்யா!" என்று அவர் கத்தினார். நல்லா இருக்குய்யா என்கிறார். நான் ஊருக்கே ராஜா மாதிரி கையை ஜன்னலில் வைத்திருந்தேன். வடமாலபேட்டை தாண்டுவதற்குள் கடகடவென்று ஒரு சத்தம், பின்னால் வெள்ளைப் புகை, எஞ்சின் நின்றுவிட்டது.

லாரியில் கட்டி இழுத்து வந்து ஷெட்டில் போட்டோம். மறுநாள் காலையில், மாப்பிள்ளை சித்தூரிலிருந்து வந்து சேருவதற்குள் நான் தனியாகப் பிரித்துவிட்டேன். இரண்டு பிஸ்டன்களில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்திருந்தது. ரிங்குகளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். முனைகள் இரண்டும் தேய்த்த பித்தளை போலப் பளபளவென்று மின்னின. சூட்டில் நீண்டு, ஒன்றோடொன்று முட்டி, நகர இடமில்லாமல் உடைத்துக்கொண்டு போயிருக்கின்றன. மாப்பிள்ளை கேட்டாரே, அதேதான். தப்பு முழுக்க என்னுடையது. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு அந்த ரிங்குகளைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திருடன்கூட அப்படிப் பதறியிருக்க மாட்டான்.

மாப்பிள்ளையும் சித்தூர்க்காரரும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளை உடைந்த பிஸ்டனைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரிங்கு கேப்பு தொறந்து வுட்டியா மச்சான்?"

"வுட்டேன். நீ சொன்னா மாதிரியேதான் வுட்டேன்."

அவ்வளவுதான் நான் சொன்னது. அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. அவர் முகம் செத்துவிட்டது. "அப்போ என் போர்தான் டைட்டா பூட்ச்சி போல" என்று முனகியவர், சித்தூர்க்காரரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பு என்னுதுதான் சார்."

பிறகு ஏதோ நம்பிக்கையில் அளவு பார்க்கிற கேஜை எடுத்துக் குனிந்தார். நான்தான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கி வைத்தேன். "எல்லாம் கீறிக்கினு கெடக்குது. இனிமே அளந்து இன்னா ஆவப்போவுது?"

சித்தூர்க்காரர் அவரை ஏசவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். என் பக்கம் திரும்பி, "மரி நுவ்வு ஒஸ்தாவா?" என்று கேட்டார். அப்போ நீ வர்றியா என்று. அங்கே எஞ்சின் கட்டவும் ஆள் வேண்டியிருந்தது. நான் போனேன். ஆமாம், அந்த விசாவில் நான்தான் போனேன். மாப்பிள்ளையே ஏர்போர்ட் வரைக்கும் வந்து பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சினைப் பிரித்த அன்று, மாப்பிள்ளை போன பிறகு அந்த கேஜை எடுத்து, கீறல் படாத அடிப்பக்கத்தில் நான்கு சிலிண்டரையும் அளந்து பார்த்தேன். தாளில் இருந்த அளவு அப்படியே இருந்தது, நான்கிலும்.

ஒன்பது வருஷம் ஷார்ஜாவில் இருந்தேன். முதல் லீவில் வந்தபோதே மாப்பிள்ளை தன் போரிங் மிஷினை விற்றிருந்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், பிறகு மென்று முழுங்கிவிடுவேன். கடைசியாக ஒரேயடியாக ஊருக்கே திரும்பி வந்தபோது அவர் ஸ்ரீ சிட்டியில் ஒரு ஃபேக்டரி வாசலில் செக்யூரிட்டி. உள்ளே வரிசையாக மிஷின் ஓடுகிறது, இவர் வெளியே நின்று லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பிடப் போயிருந்தேன். ஃபேக்டரியில் மிஷின் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், இவரைப் போகச் சொன்னார்களாம், இவர் மாட்டேன் என்றாராம். தங்கை குழம்பு ஊற்றிக்கொண்டே பொரிந்தாள். "எங்க போவும் இது? ஒரு போரு ஒழுங்கா போடத் தெரியாத ஆளு. வந்த விசாவயே தொலச்சிட்டு ஒக்காந்துக்கினு கீது."

அவர் கோபப்படவில்லை. "நம்ம கை அப்பிடி. வேணாம்மா, இன்னொருத்தன் எஞ்சினயும் ஒடைக்கவா?" என்று சிரித்தார்.

பிசைந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டேன். அங்கேயே, தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி, எல்லாவற்றையும் சொன்னேன். ரிங் முனை பளபளத்தது, பையில் போட்டது, பொய் சொன்னது, அளந்து பார்த்தது எல்லாம். தலையை நிமிர்த்தவில்லை. விசாவைப் பற்றித்தான் கேட்பார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அவர் விசாவைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"அப்போ என் போரு சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு மாப்ள."

"நாலுமா?"

"நாலும்."

"நீயே கேஜு வெச்சிப் பாத்தியா? கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தங்கையிடம், பரீட்சையில் பாஸான பிள்ளை அம்மாவிடம் சொல்வதுபோல, "நாலும் சரியாதான் இருந்துச்சாம்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள். "இத்தினி வருஷமா இந்த மனுஷன என் வாயாலயே ஏச வெச்சியே, ண்ணா" என்றாள். குனிந்து, பாதி சோற்றோடு என் முன்னால் இருந்த தட்டை எடுத்துக்கொண்டாள். "எழுந்து போ. இனிமே இந்த ஊட்ல நீ துன்ன வேணாம்."

கைகூடக் கழுவாமல் எழுந்து வந்துவிட்டேன்.