தென்னேரி மதகடியில் ஒரு நீர்முள்ளிச் செடி

ஒற்றைத் தறியோடு தொடங்கிப் பன்னிரண்டு தறிகளுக்கு முதலாளியானவன் நான். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. ஆனால் காஞ்சிபுரத்தில் என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. அப்படிப்பட்ட நான், மழை பொய்த்த அந்த வருஷம், தென்னேரி ஏரிச் சேற்றில் ஒருத்தியின் பின்னால் கெஞ்சிக்கொண்டு நடந்தேன். என் மனைவி உடம்பெல்லாம் வீங்கி, நீர் பிரியாமல் கிடந்தாள். நீர்முள்ளி வேரைக் கஷாயம் வைத்துக் கொடுத்தால்தான் பிழைப்பாள் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

வைத்தியர்களுக்கு மூலிகை பறித்துக் கொடுப்பவள் அவள். குட்டையான உருவம், கையெல்லாம் முள் கீறல். எந்தச் செடியைப் பிடுங்கினாலும் ஒரு துண்டு வேரைத் திரும்பச் சேற்றில் புதைத்து மிதித்துவிட்டுத்தான் நகர்வாள். ஏரி வற்றிப்போய், மதகடியில் ஊதாப் பூவோடு ஒரே ஒரு நீர்முள்ளிதான் மிச்சமிருந்தது.

"அதை எனக்குக் குடும்மா," என்றேன்.

"வீக்கம் எத்தினி நாளா இருக்குது சாமி?"

எனக்குத் தெரியவில்லை.

"கால்ல அமுக்கினா குழி நிக்குதா?"

அதுவும் தெரியவில்லை.

"பொண்டாட்டி காலைப் பாக்காம தறியையே பாத்துக்கினு இருந்தியா? தோ, இப்பிடி அமுக்கிப் பாக்கணும்."

தன் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

நான் பார்த்துவிட்டதைக் கண்டு, புடவையை இழுத்து மூடினாள். பிறகு அந்தச் செடியை வேரோடு பிடுங்கி என் கையில் வைத்தாள். இந்த முறை எதையும் புதைக்கவில்லை.

"ஒருத்திக்குத்தான் பத்தும். ஓடு சாமி."

ஓடினேன். என் மனைவி பிழைத்தாள். செடியைக் கொடுத்தவள் என்ன ஆனாள் என்று தென்னேரிக்குப் போய்க் கேட்கும் துணிச்சல் மட்டும் எனக்கு இன்றுவரை வரவில்லை.