மாதாவின் மேல் விழுந்த பழி

என் மகன் ஜெறோம் கல்லூரி அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடினான். ஆளை ஆள் முட்டி வீழ்த்தும் விளையாட்டு அது. தரவரிசையில் முதலிடத்திலிருந்த அவனுடைய அணியும் இரண்டாமிடத்து அணியும் கிண்ணத்துக்காக மோதின. படிப்பு முடிகிற ஆண்டு என்பதால் அவனுக்கு அதுவே கடைசி ஆட்டம்.

முந்தைய ஆட்டத்தில் அவனுடைய நண்பனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனதைப் பார்த்திருந்தேன். அதனால் அன்று காலையிலேயே லாசால் என்ற பகுதியிலுள்ள எங்கள் மாதா கோவிலுக்குப் போய்வந்தேன்.

“அம்மா, மெழுகுதிரி கொளுத்தீட்டீங்களோ?” என்று காரில் ஏறும்போது ஜெறோம் கேட்டான்.

“ஓமடா ராசா.”

வெற்றிக்காகக் கொளுத்தியதாக அவன் நினைத்தான். அவன் ஆட்டத்தில் இறங்கவே கூடாது என்றுதான் நான் மன்றாடியிருந்தேன்.

ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சி ஓட்டத்தில், ஈரப் புல்லில் அவனுடைய கணுக்கால் பிரண்டது. அவனை ஆட்டத்தில் இறக்காமல், மைதான ஓரத்து வாங்கில் இருத்தினார்கள். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. யாராவது கூப்பிடுவார்கள் என்று கடைசிவரை அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருந்ததைக் கண்டபோதுதான் அந்த நிம்மதி போனது. அணி தோற்றது.

“என்னம்மா, உங்கட மாதா மற்ற டீமோ?” என்றான் திரும்பும் வழியில். அவனுடைய அப்பா வாய்விட்டுச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

என் மன்றாட்டால் கால் பிரண்டது என்று நான் நம்பவில்லை. ஆனாலும் என் பிள்ளை ஏங்கியதற்கு எதிராக முழந்தாளிட்டவள் நான்தான். இன்றும் எந்த அணி தோற்றாலும் எங்கள் வீட்டில் மாதாவைத்தான் கேலி செய்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை.